தேர்தல் டியூட்டி பார்த்தவர்கள், மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் வாருங்கள்

கணக்கு வாத்தியார்:

தேர்தல் ஆணையம் என்றால் டெல்லியில் பெரிய படையே இருக்கும் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். மூன்று ஆணையர்கள், சில நூறு பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகம், அவ்வளவுதான். மற்றபடி பூத்தில் உட்காருவதெல்லாம் என்னைப் போன்ற இரவல் ஆட்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் 324வது பிரிவு ஆட்களைக் கொடு என்று சொல்கிறது, மாநில அரசு கொடுக்கிறது, தேர்தல் முடியும்வரை நாங்கள் சட்டப்படி ஆணையத்தின் ஆட்கள். 2024 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்கப் பத்தரை லட்சம் வாக்குச்சாவடிகள். அதில் ஒன்றுக்கு நான் பிரிசைடிங் ஆபீசர், அதாவது அந்த பூத்துக்கே பொறுப்பாளர், அதுவும் முதல் தடவை.

எந்த பூத் என்பதே முந்தின நாள்தான் தெரிந்தது. மெஷின், யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சடித்துக் காட்டும் விவிபாட், அரக்கு, நூல், மெழுகுவர்த்தி, மை, படிவக் கட்டு எல்லாம் எண்ணி வாங்கிக்கொண்டு லாரியில் ஏறி அந்தப் பள்ளிக்கூடத்தில் இறங்கும்போது இருட்டிவிட்டது. தூக்கமாவது ஒன்றாவது. காலை ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு, வேட்பாளர்களின் ஏஜென்டுகள் முன்னால் குறைந்தது 50 ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அப்புறம் மெஷினில் உள்ளதை அழித்து, விவிபாட்டில் விழுந்த சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு முத்திரை வைக்க வேண்டும். இந்த அழிக்கிற பட்டனை மறந்தவர்களின் கதைகளைப் பயிற்சி வகுப்பிலேயே சொல்லிச் சொல்லிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். நான் அழித்துவிட்டு மூன்று தடவை சரிபார்த்தேன், ஒரு ஏஜென்ட் சிரித்தேவிட்டார்.

பத்து மணி வாக்கில் ஒரு வாக்காளரை இவர் அவரே இல்லை என்று ஒரு ஏஜென்ட் மறித்தார். ஆட்சேபம் சொல்ல இரண்டு ரூபாய் கட்ட வேண்டும் என்றேன். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார் போல, படிவத்தைக் காட்டியதும் பையில் துழாவி ஒரு நாணயத்தை எடுத்து வைத்தார். விசாரித்ததில் வந்தவர் சரியான ஆள்தான், அவர் ஓட்டுப் போட்டார், ஏஜென்டுக்கு இரண்டு ரூபாய் நட்டம்.

உண்மையில் சொல்ல வந்தது மதியம் நடந்தது. எழுபது வயது இருக்கும், ஓர் அம்மா. அடையாள அட்டை இருக்கிறது, பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் அந்தப் பெயருக்கு நேரே ஏற்கெனவே கோடு போட்டாயிற்று, ஓட்டுப் போட வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்தும் இருக்கிறது. ஆள்மாறாட்டமா, இல்லை அதே பெயரில் இருந்த வேறு ஒருவருக்கு எங்கள் ஆளே வரிசை எண்ணை மாற்றிக் குறித்துவிட்டாரா, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை. இரண்டாவதாகத்தான் இருக்கும் என்று மனசு சொல்கிறது. "அப்ப என் ஓட்டு போச்சா சார்?" என்று கேட்டார். விதி 49P நினைவுக்கு வந்தது. இதைத்தான் டெண்டர் ஓட்டு என்போம். மெஷினில் போட முடியாது. அச்சடித்த வாக்குச்சீட்டு ஒன்றைக் கொடுத்து, 17B படிவத்தில் கையெழுத்து வாங்கி, அவர் முத்திரை குத்தித் தந்ததைத் தனி உறையில் போட்டேன். இந்தச் சீட்டை எண்ண மாட்டார்கள், நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும் என்று அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். சொல்லிவிட்டேன். "கேட்டா இருக்கும்ல?" என்றார். இருக்கும் என்றேன். விரலை நீட்டி மை வைத்துக்கொண்டு போனார்.

ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து சீட்டுக் கொடுத்து முடித்து, மெஷினையும் 17ஏ பதிவேட்டையும் ஒப்பிட்டால் ஒன்று இடித்தது! வயிறு கலங்கிவிட்டது. கையெழுத்துப் போட்ட பிறகு ஓட்டுப் போட மாட்டேன் என்று திரும்பிப்போன ஒருவரைக் குறித்து வைத்திருந்தோம், அவர்தான் அந்த ஒன்று.

அங்கன்வாடி அக்கா:

நான் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், வாக்காளர் பட்டியலுக்காக வீடு வீடாகப் போகிறவள். தேர்தல் அன்றைக்கு என் பெயரைக் காணோம் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அட்டை கையில் இருந்தால் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்க்க படிவம் 6, நீக்க 7, திருத்தவும் முகவரி மாற்றவும் 8. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், டெல்லி ஆணையம் இல்லை. வார்டு எல்லை ஏன் மாறியது என்று என்னைத் திட்டிப் பயனில்லை.

நீக்குவதுதான் கஷ்டம். ஒரு வீட்டில் பெரியவர் இறந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, மகன் படிவத்தில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கள்ள ஓட்டுக்காக எல்லாம் இல்லை. "ரேஷன் கார்டுலயும் எடுத்தாச்சு, இதுலயாவது அப்பா பேரு இருக்கட்டும்க்கா" என்றார். நான்கு தடவை நடந்தேன். ஐந்தாவது தடவை அவருடைய அம்மாவே உள்ளேயிருந்து இறப்புச் சான்றிதழை எடுத்துவந்து கொடுத்தார்.

மளிகைக்காரன்:

கொள்முதலுக்கு எண்பதாயிரம் எடுத்துப்போய், தேர்தல் நேரத்தில் ரோட்டில் பணத்தைச் சோதிக்கும் பறக்கும் படையிடம் மாட்டினேன். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் கணக்குக் காட்ட வேண்டும், என்னிடம் துண்டுச்சீட்டுதான் இருந்தது. மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது, பில்லும் வங்கிக் கணக்கும் காட்டியபின் பணம் திரும்ப வந்தது, ஆனால் சீசன் வியாபாரம் போச்சு. பெரிய பணம் எந்த வழியாகப் போகிறதோ, அந்த ரோட்டில் மட்டும் ஜீப்பைக் காணவில்லை என்பது என் தனிப்பட்ட வயிற்றெரிச்சல்.

வாத்தியாரே, அந்த அம்மாவின் உறையை யாராவது பிரித்தார்களா?

கணக்கு வாத்தியார்:

இல்லை. வித்தியாசம் ஒன்றிரண்டு ஓட்டாக இருந்தால்தான் அந்த உறைக்கு மவுசு. 2008ல் ராஜஸ்தானின் நாத்வாரா சட்டமன்றத் தொகுதியில் ஒரே ஓட்டில் முடிவு வந்து, டெண்டர் ஓட்டு விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. எங்கள் தொகுதியில் வித்தியாசம் அதிகம். முடிவு வந்து 45 நாளுக்குள் வழக்குப் போட வேண்டும், யாரும் போடவில்லை. நான் வைத்த அரக்கு உடையாமலேதான் இருந்திருக்கும்.