கண் அரிப்பு: கடையில் கொடுத்த சொட்டு மருந்தையே மறுபடி போடலாமா?

கேள்வி:
மகனுக்கு 8 வயது. வெயில் ஏறியதிலிருந்து இரண்டு கண்ணும் சிவந்து ஓயாமல் அரிக்கிறது. நூல் நூலாக வெள்ளைப் பீளை வருகிறது. மருந்துக் கடையில் கொடுத்த சொட்டில் 2 நாளில் குறைந்தது, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. பாட்டிலில் குளோராம்பெனிகால், டெக்ஸாமெத்தசோன் என்று இருக்கிறது. அதையே வாங்கலாமா?

பதில் 1:
வேண்டவே வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் போட்டால் கண்ணின் உள் அழுத்தம் ஏறும். வலி இருக்காது என்பதால் வீட்டில் யாருக்கும் தெரியாது. பார்வை நரம்பு கெட்டால் மீட்க முடியாது. கண்புரையும் வரலாம். குளோராம்பெனிகால் பாக்டீரியாவுக்கான மருந்து, ஒவ்வாமைக்கு உதவாது.

நூல் பீளை, வெயில் காலம், சிறு பையன் என்று பார்த்தால் வெர்னல் வகை ஒவ்வாமையாக இருக்கலாம். கண் மருத்துவர் மேல் இமையைப் புரட்டிப் பார்ப்பார். உள்ளே கூழாங்கல் பதித்ததுபோல் மேடுகள் இருந்தால் அதுதான். பெரும்பாலும் பருவ வயதைத் தாண்டும்போது அடங்கிவிடும். ஸ்டீராய்டு தேவைப்பட்டாலும் அழுத்தத்தை அளந்துகொண்டே சில நாள் மட்டும் கொடுப்பார்.

பதில் 2:
வழக்கமாக எழுதித் தருவது ஓலோபட்டடின் என்ற ஒவ்வாமைக்கான சொட்டு மருந்து. 0.1% என்றால் தினம் இருவேளை, 0.2% என்றால் ஒருவேளை. அரிப்பு சில நிமிடங்களில் தணியும், ஆனால் நல்லாகிவிட்டது என்று நடுவில் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பி வருகிறது.

கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு போதும். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். 2 நிமிடம் கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை விரலால் அழுத்துங்கள். இன்னொரு மருந்து இருந்தால் 5 நிமிடம் கழித்து. திறந்த பாட்டிலை ஒரு மாதத்தில் எறிந்துவிடுங்கள்.

பதில் 3:
மருந்தைவிட முக்கியம், கசக்காமல் இருப்பது. கசக்கும்போது மாஸ்ட் செல்கள் (ஒவ்வாமையைக் கிளப்பும் செல்கள்) தூண்டப்பட்டு, அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை இன்னும் கொட்டும். அரிப்பு கூடும், மறுபடி கசக்கத் தோன்றும். வருடக்கணக்கில் கசக்கினால் கருவிழி கூம்பாகிவிடும் அபாயமும் உண்டு. அரிக்கும்போது குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை 5–10 நிமிடம் மூடிய கண்மேல் வையுங்கள். வெளியே போய் வந்ததும் முகம் கழுவட்டும். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன் எதையும் கண்ணில் விடாதீர்கள், கண்ணுக்குள் கிருமி புகுந்துவிடும்.

கேட்டவர்:
நன்றி. மெட்ராஸ் ஐ என்று பள்ளியில் திருப்பி அனுப்புகிறார்கள்.

பதில் 1:
ஒவ்வாமை ஒட்டாது. மருத்துவரிடம் சீட்டு வாங்கிக் கொடுங்கள். வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே போங்கள். கருவிழியில் புண் வந்திருக்கலாம்.