குழந்தை பிறந்தால் அப்பாவுக்கும் பரிசு தர வேண்டுமா?

பெரியப்பா ஆகப்போகிறவன்:
தம்பிக்கு அடுத்த மாதம் முதல் குழந்தை. இப்போதே ஒரு பை தயார் பண்ணி வைத்திருக்கிறேன். குழந்தைக்குப் பருத்தித் துணிகள், தம்பி மனைவிக்கு முன்பக்கம் பொத்தான் வைத்த இரவு உடைகள், உட்கார்ந்து பால் கொடுக்கும்போது முட்டுக் கொடுக்க ஒரு தலையணை. எல்லாவற்றையும் அடுக்கி முடித்துப் பார்த்தால் தம்பிக்கு என்று அதில் ஒன்றுமே இல்லை. அவனுக்கும் ஏதாவது வாங்கலாமே என்று வீட்டில் சொன்னேன். "அவனா பெறப்போகிறான்?" என்று ஒரே சிரிப்பு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனாலும் மனசு ஒப்பவில்லை. வாங்கலாமா, வேண்டாமா? வாங்கலாம் என்றால் எதை?

மூன்றாம்யாமம்:
வேண்டாம். நான் இரண்டு பெற்றவள், அதனால் நேரடியாகவே சொல்கிறேன். மூத்தவள் பிறந்த மூன்றாம் நாள், தையல் போட்ட இடம் வலித்து உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். அவருடைய நண்பர்கள் நாலு பேர் வந்தார்கள். 'உலகின் சிறந்த அப்பா' என்று அச்சடித்த கோப்பை ஒன்றை அவர் கையில் கொடுத்து, கட்டிப்பிடித்து, போட்டோ எடுத்துவிட்டுப் போனார்கள். அதுவரை அவர் குழந்தைக்கு ஒரு துணிகூட மாற்றியதில்லை. மூன்றே நாளில் என்ன போட்டி நடந்தது, யார் நடுவர் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகும். ரத்தப்போக்கு, பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாவது, இருமினால்கூடப் பயம். இதில் எதிலும் பங்கு கேட்க முடியாதவருக்குப் பரிசில் மட்டும் எதற்குப் பங்கு?

படிக்கட்டுக்காரன்:
அக்கா, கோப்பை விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் பரிசு என்றாலே பதக்கம் என்று ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்? முதல் நாள் வேலைக்குப் போகிற பிள்ளைக்குப் பேனா வாங்கிக் கொடுக்கிறோம். அவன் அதுவரை என்ன சாதித்துவிட்டான்? இனிமேல் எழுதப்போகிறான் என்றுதானே கொடுக்கிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் மகன் 33-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். அவன் ஒரு மாடியில் இன்குபேட்டருக்குள், மனைவி இரண்டு மாடி கீழே, நான் படிக்கட்டில். கறந்த பாலை எடுத்துக்கொண்டு மேலே ஓடுவேன், இன்றைக்கு எத்தனை கிராம் ஏறியிருக்கிறான் என்ற செய்தியை எடுத்துக்கொண்டு கீழே ஓடுவேன். வருகிறவர்கள் எல்லாரும் அம்மா எப்படி, குழந்தை எப்படி என்றுதான் என்னிடம் கேட்டார்கள். சரியான கேள்விகள்தான், குறை சொல்லவில்லை.

பழைய அலுவலக நண்பர் ஒருவர் மட்டும் மூன்று மீட்டர் வயர் உள்ள போன் சார்ஜரும் ஒரு ஜோடி தடித்த காலுறையும் கொண்டுவந்து, "இது உனக்கு" என்று கையில் கொடுத்தார். காத்திருப்பு நாற்காலிக்கும் பிளக் பாயின்டுக்கும் எவ்வளவு தூரம், அந்த வராந்தாவில் ராத்திரி எப்படிக் குளிரும் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும். அவருடைய இரட்டைக் குழந்தைகளும் இப்படி அவசரப்பட்டு வந்தவர்கள்தான் என்று அப்புறம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, அதையும் படிக்கட்டில் வைத்துத்தான் அழுதேன்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். அக்கா நடந்து முடிந்ததற்குக் கூலி கேட்கிறார், படிக்கட்டுக்காரர் நடக்கப்போவதற்கு முன்பணம் கேட்கிறார். நான் நடக்கப்போவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று கேட்டால் சுகமாக இருக்கும். அத்தனையும் துண்டு துண்டான தூக்கம். தாய்ப்பால் கொடுப்பதை அப்பா செய்ய முடியாது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வேலை உண்டு: தூக்கி வந்து கொடுக்க, ஏப்பம் விட வைக்க, துணி மாற்ற, மறுபடி தூங்கவைக்க. ஒரு முறைக்கு 20 நிமிடம் என்றே வைப்போம். பத்து முறைக்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல். இதை எடுத்துச் செய்கிற அப்பாவுக்கு ஒரு சார்ஜர் தாராளமாகக் கொடுக்கலாம். செய்யாதவருக்கு எதற்கு?

மூன்றாம்யாமம்:
செய்கிறவருக்கும் எதற்கு? அது அவர் குழந்தை. தன் குழந்தைக்குத் துணி மாற்றுவதை 'உதவி' என்று சொல்வதும் அதற்குப் பரிசு கொடுப்பதும் ஒரே நோய்தான். எனக்கு யாராவது துணி மாற்றியதற்குக் கைதட்டினார்களா?

வாஷிங்மெஷின்:
எனக்கு இன்னொரு சந்தேகம். அப்பாவுக்கான பரிசு என்று தேடினால் வருவதெல்லாம் டயப்பர் வைக்கிற முதுகுப்பை, நெஞ்சில் குழந்தையைக் கட்டிக்கொள்கிற பேபி கேரியர், பால் புட்டி சூடாக்கி. கல்யாண நாளுக்கு மனைவிக்கு வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுக்கிற ஆளைப் பார்த்து இத்தனை காலம் சிரித்தோமே, இது அதே கதை இல்லையா? பரிசுத்தாள் சுற்றிய வேலைதானே இது? அப்பாவுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் அவருக்குப் பிடித்ததைக் கொடுங்கள். கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் மேட்ச் டிக்கெட். ஒரு நாள் சாயங்காலம் நிம்மதியாக வெளியே போய்வரட்டும்.

மூன்றாம்யாமம்:
அவர் நிம்மதியாக வெளியே போன சாயங்காலம் குழந்தை யாரிடம் இருக்கும்? அந்த டிக்கெட்டுக்கான விலையை நீங்கள் கொடுக்கவில்லை தம்பி, வீட்டில் இருக்கிற பெண் கொடுக்கிறாள்.

படிக்கட்டுக்காரன்:
இதை நான் ஒத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு மாதத்துக்கு வீட்டைவிட்டுக் கூட்டிப்போகிற எந்தப் பரிசும் வேண்டாம்.

ஆனால் வாஷிங்மெஷின் சகோ சொன்ன 'பரிசுத்தாள் சுற்றிய வேலை' என்ற பேச்சுக்கு ஒரு பதில் இருக்கிறது. ஸ்வீடனில் 1974-லேயே பேறுகால விடுப்பை அம்மாவுக்கு மட்டும் என்று வைக்காமல், இரண்டு பேருக்கும் பொதுவாக மாற்றினார்கள். உங்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள் என்று விட்டார்கள். என்ன ஆனது? ஏறக்குறைய எல்லா நாட்களையும் அம்மாக்களே எடுத்தார்கள். 1993-இல் நார்வே வேறு மாதிரி செய்தது. நாலு வாரத்தைத் தனியாக ஒதுக்கி, இது அப்பாவுக்கு, எடுக்காவிட்டால் போய்விடும் என்று சொன்னது. அதற்கு முன் விடுப்பு எடுத்த அப்பாக்கள் மிகச் சிலர். சில ஆண்டுகளிலேயே பெரும்பாலானவர்கள் எடுக்க ஆரம்பித்தார்கள். 1995-இல் ஸ்வீடனும் அப்பாவுக்கென்று ஒரு மாதத்தை ஒதுக்கியது.

நான் சொல்லவருவது இதுதான். 'உங்கள் இருவருக்கும்' என்று கொடுப்பதெல்லாம் கடைசியில் அம்மாவின் தலையில்தான் போய் விழுகிறது. பேபி கேரியரைப் பொதுவாகக் கொண்டுபோய் வைத்தால் அது அவள் தோளில் ஏறும். 'இது உனக்கு' என்று அவன் கையில் கொடுத்தால், மாட்டத் தெரியாவிட்டாலும் கற்றுக்கொண்டாவது மாட்டுவான்.

வாஷிங்மெஷின்:
அப்படியென்றால் கடமை என்றே சொல்லிக் கொடுங்கள். பரிசு என்று ஏன் பசப்ப வேண்டும்? அரசாங்கம் கொடுத்தது விடுப்பு, சம்பளத்தோடு. நீங்கள் கொடுப்பது வார் வைத்த பை.

கணக்குப்பிள்ளை:
விடுப்பு கொடுக்கிற அதிகாரம் பெரியப்பாவுக்கு இல்லையே சகோ. பை வாங்கத்தான் முடியும்.

பேபி கேரியர் வாங்குகிறவர்களுக்கு நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டிக்கொண்டு குனிந்தால் குழந்தையின் முகம் முழுசாகத் தெரிய வேண்டும், உச்சந்தலையில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்க வேண்டும், மோவாய் அதன் நெஞ்சில் அழுந்தக் கூடாது, மூச்சுக்கு ஆபத்து. குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்காமல் கட்டவே வேண்டாம். அப்புறம், பிறந்த குழந்தைக்கு 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். நெஞ்சில் கட்டினால் அப்பாவின் முகம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் வரும்.

விழித்திருப்பவன்:
இத்தனை நாள் படித்துவிட்டு மட்டும் போனவன், இன்றைக்கு எழுதுகிறேன். என்ன கொடுப்பது என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். எப்போது கொடுப்பது என்று யாரும் பேசவில்லை.

மகள் பிறந்த முதல் வாரம் நான் நன்றாகத்தான் இருந்தேன். வீடு நிறைய ஆட்கள், போன் ஓயவில்லை. மூன்றாம் மாதம் முடிகிறபோதுதான் கழன்றுபோனேன். காரணமில்லாத எரிச்சல், வேலை முடிந்தபின்னும் வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது, குழந்தை சிரித்தால் ஒன்றும் தோன்றாமல் பார்த்துக்கொண்டிருப்பது. சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், அப்புறம் நான் கெட்டவன் என்று நினைத்தேன். மருத்துவர் சொல்லித்தான் அதற்குப் பெயர் மனச்சோர்வு என்றும், பெற்றவளுக்கு மட்டுமல்ல, அப்பாவுக்கும் வரும் என்றும் தெரிந்தது. 2010-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 43 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்த கட்டுரை வந்தது. ஏறக்குறைய 28,000 பேர் கணக்கு. அதில் சுமார் பத்தில் ஒரு அப்பாவுக்கு இது இருந்திருக்கிறது. அதிகம் தெரிந்தது குழந்தைக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் காலத்தில். வந்து பார்ப்பவர்கள் எல்லாரும் வந்து முடித்துவிட்ட காலம் அது.

அந்தச் சமயத்தில் என் அத்தை மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தான். கையில் ஒன்றும் இல்லை. "நீ போய்த் தூங்கு, அவளும் தூங்கட்டும், நான் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். நாலு மணி நேரம். அடுத்த ஞாயிறும் வந்தான். எனக்கு அதுதான் பரிசு.

மூன்றாம்யாமம்:
தம்பி, எழுதியதற்கு நன்றி. இதில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் ஒன்றை விட்டுவிடக் கூடாது: அம்மாக்களிடம் இந்தக் கணக்கு இதைவிட அதிகம். அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் மறந்துபோவாள் என்பதுதான் என் பயமே.

விழித்திருப்பவன்:
மறக்கவில்லை அக்கா. அதே கட்டுரையில், ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருக்கிற போக்கு தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். என் வீட்டில் அப்படித்தான் இருந்தது. நான் தூங்கிய அந்த நாலு மணி நேரம் அவளும்தான் தூங்கினாள்.

வாஷிங்மெஷின்:
சரி, நான் டிக்கெட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பேபி கேரியர் வாஷிங் மெஷின்தான் என்பதை வாபஸ் வாங்கவில்லை.

பெரியப்பா ஆகப்போகிறவன்:
இவ்வளவு பேர் பேசுவீர்கள் என்று நினைக்கவில்லை. நேற்று தம்பி மனைவியிடமே கேட்டுவிட்டேன். முதலில் சிரித்தாள், வீட்டில் எல்லாரும் சிரித்த அதே சிரிப்பு. அப்புறம் கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்: "அந்த பேபி கேரியரை வாங்குங்க மாமா. அவர் உயரத்துக்கு, அவர் தோள் அளவுக்குப் பார்த்து வாங்குங்க. எனக்குப் பொருந்தவே கூடாது."

அதனால் அதை வாங்கப்போகிறேன். கூட ஒரு நீள வயர் சார்ஜர், படிக்கட்டுக்காரர் தயவில். மூன்றாம் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளை என் காலண்டரில் இப்போதே குறித்து வைத்துவிட்டேன், யாரிடமும் சொல்லவில்லை. தம்பியிடம் பேனா கதையைச் சொல்லலாமா என்று யோசித்தேன், வேண்டாம், அழுதுவிடுவான்.

மூன்றாம்யாமம்:
அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருக்கிறது. கோப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
அக்கா, ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக் கோப்பை இப்போது எங்கே?

மூன்றாம்யாமம்:
கைப்பிடி உடைந்துவிட்டது, ஆனாலும் இருக்கிறது. இளையவன் பிறந்து நான் வீட்டுக்கு வந்தபோது அதை அலமாரியில் காணவில்லை. அவரே எடுத்துத் துணிகளுக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் மறுபடியும் சமையலறைக்கு வந்தது. அந்த ஒரு மாதத்தில் ராத்திரிகளில் எழுந்தது யார் என்று இங்கே எழுத மாட்டேன், நீங்கள் எல்லாரும் ஆளுக்கொரு பரிசு அனுப்பிவிடுவீர்கள்.