மன்னார் காற்றாலை: பறவைக் கதை உண்மையா, சாட்டா?

கரண்ட்காரன்:
மன்னாரில் காற்றாலை என்று வாயெடுத்தாலே பறவை சாகிறது என்று தொடங்கிவிடுகிறார்கள். 2022இல் 13 மணித்தியாலம் இருட்டுக்குள் கிடந்தோமே, மறந்துவிட்டதா? இங்கே இருக்கிற தம்பபவனி காற்றாலையில் 30 காற்றாடி, 103.5 மெகாவாட், 2020 மார்கழியில் திறந்தது. தீவில் பறவை இல்லாமல் போய்விட்டதா என்ன? காற்றாடியை விடப் பூனைதான் கூடக் கொல்கிறது, அமெரிக்காவில் கணக்கே போட்டிருக்கிறார்கள்.

வங்காலையான்:
பூனை பூநாரையைப் பிடித்து எங்கேயாவது கண்டீர்களா அண்ணை? பூனைக்கு அகப்படுவது குருவி, அது வருசத்தில் இரண்டு மூன்று தரம் குஞ்சு பொரிக்கும். பூநாரை இடுவது ஒரு முட்டை, அந்தக் குஞ்சு வளர்ந்து தான் முட்டையிட வருசக்கணக்கு ஆகும். செத்த தலையை மட்டும் எண்ணி இரண்டையும் ஒப்பிடுவது கணக்கே இல்லை. மன்னாருக்குப் பக்கத்து வங்காலை 2010இலிருந்து ராம்சார் ஈரநிலம், அதாவது உலக ஒப்பந்தப்படி காக்க வேண்டிய இடம். மத்திய ஆசியாவிலிருந்து வருகிற பறவைப் பாதை இலங்கையோடு முடிகிறது, அதற்குத் தெற்கே வெறும் கடல்.

சோளகம்:
சரி, காலத்தையும் பாருங்கள். இங்கே காற்று உரமாக அடிப்பது வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை, சோளகத்தில். ஊசிவால் வாத்து எல்லாம் வந்திறங்குவது அதற்குப் பிறகு, பங்குனி சித்திரையில் திரும்பிவிடும். கூட மின்சாரம் எடுக்கிற மாதங்களில் அதுகள் இங்கே இல்லையே. வாடைக் காலத்தில் கூட்டம் எழும்புகிற விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் காற்றாடியை நிறுத்தினால் பெரிய நட்டமும் வராது.

ஆலாக்கண்:
வந்து போகிறதை மட்டும் பார்த்தால் எப்படி? ஆதாம் பாலத்து மணல் திட்டுகளில் ஆலா என்கிற கடற்பறவைகள் முட்டையிடுவதே அந்தச் சோளகத்தில்தான். அப்புறம், இந்த "எத்தனை செத்தது" கணக்கு. போன மாசி கரையில் ஒரு கடற்காகம் செத்துக் கிடந்தது (எதனால் என்று தெரியாது, காற்றாடி மேல் பழி போடவில்லை). காலை ஏழு மணிக்குப் படம் எடுத்தேன். பத்து மணிக்குத் திரும்பி வந்தால் நாலு இறகு, மணலில் நாய் இழுத்த தடம், பக்கத்தில் இரண்டு காகம். வாரத்துக்கு ஒரு தரம் நடந்து தேடுகிறவருக்கு அது பூச்சியம்தான்.

கரண்ட்காரன்:
நோர்வேயில் ஒரு இறக்கைக்கு மட்டும் கறுப்புப் பெயின்ற் அடித்தார்கள், சாவு 70 சதவீதம் குறைந்தது. அடித்துவிட்டால் போச்சு.

இரவுராசா:
ஸ்மொலா தீவில் அடித்தது நாலே நாலு காற்றாடிக்கு. நல்ல விசயம்தான், ஆனால் இரவில் பறக்கிற வௌவாலுக்குக் கறுப்பு என்ன வெள்ளை என்ன? இந்தத் திரியில் இவ்வளவு நேரமாக வௌவாலை ஒருவரும் கதைக்கவில்லை. அது பெரும்பாலும் வருசத்துக்கு ஒரு குட்டிதான் போடும். சாவது காற்று மெலிந்த இரவுகளில், பூச்சி எழும்பும் நேரத்தில். தூரத்தில் இருந்து பார்த்தால் சும்மா சுற்றுகிற மாதிரி இருக்கும், இறக்கை நுனி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகும். காற்று செக்கனுக்கு 5 மீட்டரைத் தாண்டும் வரை சுழல விடாமல் வைத்தாலே சாவு பாதியாகக் குறைகிறது என்று வெளிநாடுகளில் பலமுறை கண்டிருக்கிறார்கள். அந்த மெலிந்த காற்றில் கிடைக்கிற மின்சாரமும் சொற்பம். இதைச் செய்யக் காசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

வங்காலையான்:
எனக்குக் காற்றாடியை விடப் பயம் மின்சாரம் கொண்டு போகிற வயர். பூநாரை பாரமான பறவை, இருட்டில் பறக்கும், வயரைக் கண்டு திரும்புவதற்குள் அடிபட்டுவிடும். ராஜஸ்தானில் கானமயிலுக்கும் இதே கதை. 2021இல் இந்திய உச்ச நீதிமன்றம் வயரை நிலத்துக்குக் கீழே போடச் சொன்னது, 2024இல் அந்தத் தீர்ப்பையே தளர்த்தியது. இங்கே புதுக் காற்றாலை போட வந்த இந்தியக் கம்பனி அதானி 2025 மாசியில் விலகியதும் விலைப் பேச்சில், பறவைக்காக இல்லை.

சோளகம்:
வயர் விசயத்தில் நான் உங்கள் பக்கம். ஈரநிலத்தைச் சுற்றிக் கொண்டு போகட்டும், செலவு கூடினாலும் சரி. ஆனால் தீவில் இனி ஒன்றும் வேண்டாம் என்றால் நுரைச்சோலை நிலக்கரிதான் மிச்சம், 900 மெகாவாட், அதன் புகையும் பறவைக்கு மருந்தில்லை.

வங்காலையான்:
காற்றாடி வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பெருநிலத்தில் வையுங்கள்.

கரண்ட்காரன்:
எந்த ஊர் என்று சொல்லுங்கள் தம்பி. அங்கேயும் ஒரு குளம் இருக்கும், குளத்தில் கொக்கு இருக்கும், உங்களைப் போல ஒருவர் வந்து திரி தொடங்குவார்.