குண்டு மிளகாய் வத்தல்: எந்த இடரை முதலில் வைப்பது?

கேள்வி (சாயல்குடிப் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவன உறுப்பினர்):

அனைவருக்கும் வணக்கம். கடலோரக் கிராமங்களில் குண்டு மிளகாய் வத்தலைக் கொள்முதல் செய்து மசாலா ஆலைகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் அனுப்பி வருகிறோம். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பின் தரம் குறித்த கேள்விகள் கூடியிருப்பதால், வயல் முதல் கிடங்கு வரை நேரக்கூடிய இடர்களைப் பட்டியலிட்டு, கடுமை, நேரும் வாய்ப்பு, கண்டறிவதிலுள்ள சிரமம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டுப் பெருக்கிப் பார்த்தோம். களத்தில் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாவதற்கு 9, 4, 8. அறுவடை நேரத்தில் விலை சரிவதற்கு 6, 8, 6. இரண்டுக்கும் 288 வருகிறது. கையிலுள்ள பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். பூஞ்சையைத் தவிர்க்க உலர்களம் அமைப்பதா, விலை ஏறும் வரை இருப்பு வைக்கக் குளிர்பதனக் கிடங்கில் இடம் பிடிப்பதா?

பதில் 1 (மசாலா ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிபவர்):

வணக்கம் ஐயா. இந்த மதிப்பெண்கள் வரிசையை மட்டுமே காட்டுபவை. 8 என்பது 4ஐப் போல இரு மடங்கு என்று பொருளில்லை என்பதால், அவற்றைப் பெருக்கி வரும் தொகையை நம்பி முடிவெடுக்க முடியாது. வாகன உற்பத்தித் துறையினர் 2019இல் வெளியிட்ட இடர் மதிப்பீட்டுக் கையேட்டில் பெருக்குத் தொகையைக் கைவிட்டு, கடுமைக்கு முதலிடம் தரும் முறைக்கு மாறியதற்கும் இதுவே காரணம்.

விலைச் சரிவு உங்கள் வருமானத்தைப் பாதிக்கிறது. அஃப்ளாடாக்சின் உண்பவரின் கல்லீரலைப் பாதித்துப் புற்றுநோய் வரை கொண்டு செல்லக்கூடியது. இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பதே தவறு என்பது என் உறுதியான கருத்து. உணவுப் பாதுகாப்புக்குத் தனிப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு இடருக்கும் எதிரே 'பின்னால் எந்தக் கட்டத்திலாவது இதைச் சரிசெய்ய முடியுமா?' என்று எழுதுங்கள். தூசியையும் தரம் குறைந்த சண்டு வத்தலையும் ஆலையில் பொறுக்கி எடுத்துவிடலாம். அஃப்ளாடாக்சினோ வறுத்தாலும் அரைத்தாலும் பெரும்பகுதி அப்படியே நிற்கும். குளிர்பதனக் கிடங்கு ஏற்கெனவே உண்டானதை அகற்றாது. மசாலாப் பொருள்களில் மொத்த அஃப்ளாடாக்சினுக்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், மிளகாய்க்கு ஐரோப்பிய ஒன்றிய வரம்பு 10. ஆகவே பணம் உலர்களத்துக்கே போக வேண்டும்.

பதில் 2 (கமிஷன் கடை அனுபவமுள்ள விவசாயி):

தம்பி, உங்கள் பட்டியலில் ஒரு முக்கியமான வரி விடுபட்டிருக்கிறது. மூட்டை பிடிக்கும்போது வத்தல் நொறுங்காமலும் நெடி கிளம்பாமலும் இருப்பதற்காகத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எடை கூடும் என்பதும் ஓர் ஆசை. நாள்கணக்கில் காயவைத்த பாட்டை அந்த ஒரு தெளிப்பே கெடுத்துவிடும். ஈரப்பதம் 11 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற விதி சாக்கைத் தைக்கும் நேரத்திலும் பொருந்த வேண்டும்.

கடலோரத்தில் இரவுக் காற்றே ஈரமாக வரும் என்பதால், பகலில் காய்ந்த வத்தல் விடியும்போது மறுபடி நமுத்துக் கிடக்கும். மாலையில் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். ஆனால் அரைகுறையாகக் காய்ந்ததை அப்படி மூடினால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். குண்டு வத்தலை உடைத்துப் பாருங்கள்: தோல் சலசலவென்று இருக்கும்போதே காம்படியிலும் விதை ஒட்டிய தண்டிலும் ஈரம் நிற்கும். கையால் தொட்டு முடிவு சொல்லாமல், கொள்முதல் மேசையில் ஈரமானி வையுங்கள்.

பதில் 3 (வேளாண் வணிகம் பயிலும் மாணவி):

இருவரின் கருத்தோடும் உடன்படுகிறேன். மதிப்பெண்ணை யார் இடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். களத்தில் வத்தலைக் கிளறிப் பொறுக்கும் பெண்கள், வாகன ஓட்டுநர், கிடங்குப் பொறுப்பாளர் ஆகியோரிடம் தனித்தனியாகக் கேளுங்கள்; நிர்வாகி முன்னிலையில் கூட்டமாகக் கேட்டால் அவர் சொன்னதையே எல்லோரும் சொல்வார்கள். எண் இடச் சிரமப்படுவோரிடம் 'இந்த இரண்டில் எது மோசம், எவ்வளவு மோசம்?' என்று இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்லலாம். கணிதவியலாளர் தாமஸ் சாட்டி 1970களில் உருவாக்கிய முறை அது. 1 முதல் 9 வரையிலான அளவைப் பயன்படுத்துகிறது. பதில்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றனவா என்பதையும் கணக்கிட்டுக் காட்டும். முரண் விகிதம் 0.10ஐத் தாண்டினால் மறுபடி கேட்க வேண்டும்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. தண்ணீர் தெளிப்பதைத் தனி இடராகச் சேர்த்து, விலை தொடர்பானவற்றை வேறு பட்டியலுக்கு மாற்றிவிட்டோம். ஆய்வகத்துக்கு ஒரு மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து அனுப்பினால் போதுமா?

பதில் 1:

போதாது ஐயா. பூஞ்சை எல்லா இடத்திலும் சீராகப் பிடிக்காது. ஒரு மூட்டை சுத்தமாகவும் பக்கத்து மூட்டையில் ஒரு கைப்பிடி மட்டும் நச்சு மிகுந்தும் இருக்கக்கூடும். பல மூட்டைகளின் மேல், நடு, அடி ஆகிய இடங்களிலிருந்து சிறிது சிறிதாக எடுத்து, மொத்தத்தையும் அரைத்துக் கலந்த பிறகே அதிலிருந்து மாதிரியைப் பிரியுங்கள்.