காதில் நாடி அடிக்கும் கட்டி: கத்தியா, கதிரா?

ஏற்காட்டுக்காரன்: பெரியம்மாவுக்கு 58 வயது. ஒரு வருடமாக இடது காதில் நாடி அடிக்கிற மாதிரியே டும் டும் என்று சத்தம். ராத்திரி மலை அடங்கினதும் தூங்க முடிவதில்லை. சேலத்தில் காது டாக்டர் பார்த்ததில், செவிப்பறைக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ தெரிந்ததாம். எம்.ஆர்.ஐ.யில் கிளோமஸ் ஜுகுலாரே என்று வந்திருக்கிறது. மண்டையோட்டு அடித்தளத்தில் இரண்டு செ.மீ. ரத்தக்குழாய்க் கட்டி. ஒருவர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் கதிர்வீச்சு சிகிச்சை போதும் என்கிறார். என்ன செய்யட்டும்?

அஸ்தம்பட்டி அண்ணன்: எடுத்துவிடுங்கள் தம்பி. கதிர் கட்டியைக் கரைக்காது, வளர்ச்சியைத்தான் நிறுத்தும். சூரிச்சில் பிஷ் என்ற காது அறுவை டாக்டர் 1970களிலேயே இதை எடுக்க வழி வகுத்துவிட்டார். இப்போது முந்தின நாளே ரத்தக்குழாயை அடைத்துவிட்டுத்தான் கத்தி வைக்கிறார்கள். ரத்தச் சேதம் குறைவு.

சூரமங்கலம் செவிலி: அண்ணா, ரத்தத்தைவிட நரம்புக்குத்தான் நான் பயப்படுகிறேன். கட்டி இருக்கிற மண்டையோட்டு ஓட்டை வழியாகத்தான் 9, 10, 11ஆம் மூளை நரம்புகள் இறங்குகின்றன. 10ஆவது அடிபட்டால் குரல் கம்மிப்போகும், தண்ணீர் குடித்தால் புரையேறும். இளவயதில் மறுபக்க நரம்பு சமாளிக்கும், 58இல் அது கஷ்டம். நீங்கள் சொல்லும் வழியில் முக நரம்பையே இடம் மாற்ற வேண்டிவரும். பெரும்பாலும் இந்தக் கட்டி புற்று இல்லை, மெதுவாகத்தான் வளரும். கட்டியில் மட்டும் கதிரைக் குவித்துப் பாய்ச்சும் ரேடியோ சர்ஜரியில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

அஸ்தம்பட்டி அண்ணன்: நின்றதா என்று பார்க்க வருடாவருடம் ஸ்கேனுக்கு மலையிறங்கி வரணுமே அம்மா? அதை யார் பார்ப்பது?

சூரமங்கலம் செவிலி: ஆபரேஷன் செய்தாலும் ஸ்கேன் எடுத்துத்தான் ஆகணும், திரும்ப வரலாம். ஏற்காட்டுத் தம்பி, ஒன்று கேட்கணும்: பெரியம்மாவுக்குப் படபடப்பு, திடீர்த் தலைவலி, பி.பி. ஏறுவது உண்டா? சில கட்டிகள் அட்ரினலின் மாதிரியான ஹார்மோனைச் சுரக்கும். தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் பி.பி. எகிறி உயிருக்கே ஆபத்து. ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெப்ரின், அதாவது அந்த ஹார்மோன் சிதைந்து வரும் பொருள், எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். யாராவது ஊசி குத்திச் சதை எடுக்கலாம் என்றால் விடாதீர்கள், ரத்தம் கொட்டும்.

ஏற்காட்டுக்காரன்: படபடப்பு உண்டு அக்கா. வயதாகிறது என்று விட்டுவிட்டோம். பெரியம்மாவின் தம்பிக்கும் கழுத்தில் கட்டி எடுத்தார்கள்.

அஸ்தம்பட்டி அண்ணன்: அப்படியா? அப்போது பரம்பரையாக இருக்கலாம், மரபணுச் சோதனையும் கேளுங்கள். மறுபக்கத்திலும் கழுத்திலும் கட்டி இல்லை என்று தெரிகிறவரை ஆபரேஷன் தேதி வாங்க நானே சொல்லமாட்டேன். ஆனால் கட்டி மூளைத்தண்டை அழுத்துகிறது என்று ஸ்கேனில் வந்தால் கதிரை நம்பி உட்காராதீர்கள், தம்பி.