அறையில் ஒன்றும் அசையவில்லை, ரேடார் மட்டும் மணிக்கு 5.1 கிமீ காட்டுகிறது. உதவி தேவை

மஞ்சக்குப்பம்_மாணவன்:
வணக்கம். கடலூரில் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் தெருப் பள்ளிக்கூட வாசலில் வண்டிகள் கண்மண் தெரியாமல் பறக்கின்றன, அதனால் வேகத்தைக் காட்டும் பலகை ஒன்றை புராஜெக்டாகச் செய்கிறோம். எச்பி100 என்ற சின்ன ரேடார் மாட்யூல், 10.525 கிகாஹெர்ட்ஸ் தொடர் அலை, பின்னால் சிக்னலைப் பெருக்க இரண்டு கட்ட ஆப்-ஆம்ப், கணக்குப் போட ஆர்டுயினோ போர்டு. பகலில் எல்லாம் சரி. இரவு ஏழு மணிக்கு மேல், யாரும் கிட்டே போகாதபோதே திரையில் 5.1, 5.1 என்று நிற்கிறது. கெயினை (பெருக்கும் அளவை) குறைத்தால் கையசைவும் தெரியவில்லை. மாட்யூலையே மாற்றியும் பார்த்துவிட்டேன். 5 வோல்ட் போன் சார்ஜரிலிருந்து எடுக்கிறேன்.

லாஸ்பேட்டை_சாலிடர்:
அந்த 5.1-லேயே பதில் இருக்கிறது. இந்த அலைவரிசையில் அலைநீளம் சுமார் 2.85 செ.மீ., மணிக்கு 1 கிமீ வேகத்துக்கு டாப்ளர், அதாவது அசைவதால் எதிரொலியின் அதிர்வெண்ணில் வரும் மாற்றம், 19.49 ஹெர்ட்ஸ் வரும். 5.13-ஆல் பெருக்குங்கள், 100. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதன் இரட்டிப்பு. சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அறையில் என்ன விளக்கு எரிகிறது?

மஞ்சக்குப்பம்_மாணவன்:
பேட்டரியில் கொஞ்சம் அடங்கியது, போகவில்லை அண்ணா. மேசைக்கு நேர் மேலே பழைய சோக் வைத்த ட்யூப் லைட்.

ஓய்வுபெற்ற_ரேடார்காரர்:
தம்பி, ட்யூப் லைட்டை அணைத்துப் பாருங்கள். எரியும் குழாய்க்குள் வாயு மின்சாரத்தைக் கடத்தும், உலோகம் போல ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். ஆனால் அந்தக் கடத்தும் திறன் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது, எதிரொலியும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது, ரேடாருக்கு அது நடந்து போகிற ஆள் மாதிரிதான். தொடர் அலை ரேடார் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே கேட்கும், அனுப்பியதற்கும் திரும்பியதற்கும் உள்ள அதிர்வெண் வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். சுவர், மரம், மேடு எல்லாம் பூஜ்யத்தில் ஒதுங்கிவிடும், அசைவது மட்டும் தனியாக நிற்கும். தாழப் பறக்கும் விமானத்தைத் தரையின் எதிரொலியிலிருந்து பிரிக்க 1960களில் அமெரிக்காவின் ஹாக் ஏவுகணை அமைப்பு இதைத்தான் நம்பியது.

மஞ்சக்குப்பம்_மாணவன்:
ஐயா, சுவிட்சைத் தட்டியதுமே 0.0! மறுபடி போட்டேன், ட்யூப் இரண்டு முறை மினுக்கி எரிந்ததும் 5.1 வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் தூக்கமில்லாமல் இருந்தேன், ரொம்ப நன்றி. இன்று காலை சில்வர் பீச் சாலையில் நண்பனை பைக்கில் 40-ல் வரச் சொன்னோம், 34, 35 தான் காட்டுகிறது. பைக் நின்றால் காணாமல் போகிறது. எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் எடுக்க முடியுமா?

லாஸ்பேட்டை_சாலிடர்:
சாலையோரம் எவ்வளவு சாய்வாக வைத்தீர்கள்? 30 டிகிரி இருந்தால் 40 என்பது 34.6 ஆகத்தான் தெரியும், ரேடாரை நோக்கி வரும் பங்கை மட்டுமே அது அளக்கிறது. வண்டி வரும் திசையை நோக்கித் திருப்புங்கள், 10 டிகிரிக்குள் வந்துவிட்டால் பிழை 1.5 சதவீதம்தான்.

ஓய்வுபெற்ற_ரேடார்காரர்:
தூரம் இதில் வராது. மாறாத அலையில் எந்தத் துண்டு எப்போது கிளம்பியது என்பதற்கு அடையாளமே இல்லை. அதிர்வெண்ணை ஏற்றி இறக்கி அனுப்பினால் அந்த அடையாளம் கிடைக்கும். விமான உயரமானியும் கார்களின் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரும் அப்படித்தான். உங்கள் பலகைக்கு வேகம் போதும், அதை விட்டுவிடுங்கள். அப்புறம் ஒன்று, தெருவிளக்கு சோடியம் ஆவி விளக்காக இருந்தால் அதுவும் ட்யூப் லைட் செய்ததையே செய்யும், 200 ஹெர்ட்ஸிலும் கொஞ்சம் வரும். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அது மணிக்கு சுமார் 13 கிமீ, நடந்து போகிற பிள்ளைகளும் கணக்கில் வரமாட்டார்கள்.

மஞ்சக்குப்பம்_மாணவன்:
வெட்டிவிட்டேன் ஐயா. இப்போது தெருவிளக்குக் கம்பத்தடியில்தான் நிற்கிறேன், 0.0. ஒரு ஆட்டோ போனது, 31.