பொருள்: ‘அவார்டு ரிவ்யூ’ – வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

ஏற்காடு, தொழிற்சங்க வகுப்பு அமைப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்கான வகுப்பில், ஊதிய விதிகளைப் பிற நாடுகள் எப்படிப் புதுப்பிக்கின்றன என்று ஒரு பாடம் வைத்திருக்கிறோம். ஆஸ்திரேலியாவில் ஊதிய விதிகளை வகுக்கும் ஃபேர் ஒர்க் கமிஷன்தான் எடுத்துக்காட்டு. அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் ‘மாடர்ன் அவார்டு’ உண்டு; அடிப்படைச் சம்பளம், மிகைநேரம், படிகள் எல்லாம் அதில் அடக்கம். இவற்றை நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றது 2009ஆம் ஆண்டுச் சட்டம். 2014இல் வேலை தொடங்கியது. இதுதான் ‘அவார்டு ரிவ்யூ’; இதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். கணினி ‘மாடர்ன் அவார்டு’களை ‘நவீன விருதுகள்’ ஆக்கிவிட்டது! வியாழக்கிழமை அச்சகத்துக்குத் தர வேண்டும்.

அம்மாபேட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அவார்டு – தீர்வம். ரிவ்யூ – சீர்தூக்கல். சீர்தூக்கும் கோலை வள்ளுவர் நடுவுநிலைமைக்குத்தானே உவமையாக்கினார்? தொல்காப்பியச் செய்யுளியலில் சீரும் உறுப்பு, தூக்கும் உறுப்பு. வேறு சொல் எதற்குத் தேட வேண்டும்?

செவ்வாய்ப்பேட்டை, வழக்கறிஞர்:
ஐயா, ‘தூக்கு’ என்று கேட்டாலே எங்கள் கொலுசுப் பட்டறைக்காரர் கழுத்தைத் தடவிக்கொள்வார். ‘தீர்வம்’ சட்டப்படியும் இடிக்கிறது. நம் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில், ஒரு தகராறில் தீர்ப்பாயம் தரும் முடிவே அவார்டாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் இன்று தகராறே வேண்டியதில்லை. அந்தத் தொழிலில் வேலைக்குச் சேர்ந்தால் விதி தானாகப் பொருந்தும். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடுவர் மன்றம் தகராறு தீர்த்த காலத்துப் பெயர் ஒட்டிக்கொண்டு வருகிறது, அவ்வளவே. ‘தொழில்வாரி ஊதிய விதி’ என்று எழுதலாம்.

அம்மாபேட்டை:
அவர்களுக்குப் பழம்பெயர் ஒட்டலாம், நமக்கு ஒட்டக் கூடாதா? இருக்கட்டும். ‘தீர்ப்பாயம்’ என்கிறீர்களே, ஆயம் என்றால் என்ன? அகப்பாடல்களில் தலைவியின் தோழியர் கூட்டம். சுங்கமும் ஆயம்தான். குறளின் சூது அதிகாரத்தில் ‘உருளாயம்’ வருகிறது. தொழிலாளியின் கூலியைத் தாயக்கட்டையிடமா ஒப்படைக்கிறோம்?

ஏற்காடு:
ஐயா, ஆயத்தை அடுத்த மாதம் பேசுவோமே.

சூரமங்கலம், மொழிபெயர்ப்பாளர்:
‘ஊதிய உயர்வுத் திருத்தம்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

செவ்வாய்ப்பேட்டை:
புரியும், தவறாகப் புரியும். இந்த நான்காண்டுச் சுற்றில்தான் 2017 பிப்ரவரியில் கமிஷனின் முழு அமர்வு, சில்லறை விற்பனை, துரித உணவு, மருந்துக்கடை போன்ற தொழில்களில் ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் ஊதியத்தைக் குறைத்தது. எடுத்துப் பார்ப்பது வேறு, மாற்றுவது வேறு. நம் 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் இரண்டையும் பிரித்தே வைத்தது: ஐந்து ஆண்டுக்கு மிகாமல் பார், தேவையானால் மாற்று. முன்னதற்கு மீளாய்வு, பின்னதற்குத் திருத்தம்.

அம்மாபேட்டை:
மீளாய்வு! மீண்டுவந்த ஆய்வா, மீட்கும் ஆய்வா? புணர்ச்சி சரி, பொருள் மொட்டை.

ஏற்காடு:
என் கவலை வேறு, ஐயா. அரசாணையில் ‘அகவிலைப்படி’ என்று வருகிறது. தோட்டத்தில் ‘பஞ்சப்படி’ என்றால்தான் ஆட்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள்.

அம்மாபேட்டை:
அகவிலை என்றால் தானிய விலை, அம்மா. படியும் தானியம் அளந்த படி. பஞ்சத்தைவிட அதுவே நெருக்கமான சொல். சொல்லிக் கொடுத்தால் நிமிர மாட்டார்களா?

ஏற்காடு:
சொல்லிக் கொடுக்க எனக்கு ஒரு மணி நேரம்தான் ஐயா. அதற்குள் ஃபேர் ஒர்க் கமிஷன் செய்த வேலையையும் விளக்க வேண்டும்: பல தொழில்களுக்கும் பொதுவான சிக்கல்களைத் தனியே பிரித்தது, விதிகளைத் தொகுதி தொகுதியாக எடுத்தது, வரைவு வெளியிட்டுச் சங்கத்தையும் முதலாளியையும் எழுதச் சொன்னது, மொழியை எளிமையாக்கியது. ‘தொழில்வாரி ஊதிய விதிகளின் நான்காண்டு மீளாய்வு’ என்று போடட்டுமா?

சூரமங்கலம்:
சரி. களைத்துவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டை:
சரி. ஆனால் ‘நான்காண்டு’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். அந்தக் கட்டாயத்தை 2018இல் நீக்கிவிட்டார்கள். தொடங்கிய சுற்றைத்தான் முடித்தார்கள். அங்கே குறைந்தபட்ச ஊதியத்தை ஆண்டுதோறும் பார்ப்பது தொடர்கிறது. உயர்வு ஜூலை 1 முதல். இரண்டையும் குழப்பினால் ‘நமக்கு மட்டும் ஏன் ஐந்து ஆண்டு’ என்று கேட்பார்கள்.

ஏற்காடு:
கேட்கட்டும் அண்ணா, அதற்குத்தானே வகுப்பு.

அம்மாபேட்டை:
பெரும்பான்மைக்குத் தடையில்லை. அச்சில் மீளாய்வு வரட்டும். சொற்பட்டியலில் ‘சீர்தூக்கல்’ என்றும் ஒரு வரி போடுங்கள். கழுத்தைத் தடவுபவர்களுக்கு நான் வந்து விளக்குகிறேன். ஆயம் பற்றித் தனி மடல் எழுதுவேன்.